பாலை மறுக்கும் வயிறு தயிரை ஏற்பது ஏன்?

உங்கள் வகுப்பில் யாராவது, “எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். “பால் குடிக்கச் சோம்பல், அதற்கு ஒரு சாக்கு!” என்று கேலியும் செய்திருப்பீர்கள். அப்படிக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன். என் தவற்றை முதலில் சொல்லிவிட்டு, அதில் அடங்கியுள்ள அறிவியலைப் பிறகு பார்ப்போம்.

காஞ்சிபுரத்தில் என் வீட்டில் தங்கி, என் தங்கை மகன் பத்தாம் வகுப்புப் படித்து வந்தான். அவன் பெற்றோர் பட்டு நெசவு செய்பவர்கள். பையனை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டுமே என்று, தினமும் காலையில் ஒரு பெரிய தம்ளர் நிறையப் பால் கொடுத்தேன். “இன்றைக்கு வேண்டாம் மாமா” என்பான். நான் விடமாட்டேன். பள்ளியில் இரண்டாம் பாடவேளை வருவதற்குள் வயிறு உப்பும், இரையும், பிசையும். அரையாண்டுக் கணிதத் தேர்வில் பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டான். தேர்வுக்குப் பயந்து நடிக்கிறான் என்று திட்டினேன்.

என் திட்டுக்கு ஒரு காரணமும் இருந்தது. இரவில் அவன் தயிர் சாதத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை நீங்கள் அறிந்திருக்கலாம். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை, இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி ஆவியில் வேகவைப்பார்கள். அதே முறையில் எங்கள் வீட்டில் செய்யும்போது மாவில் தயிரும் சேர்ப்போம். அதையும் அவன் விரும்பிச் சாப்பிடுவான். ஒரு தொல்லையும் வராது. பாலிலிருந்து வந்ததுதானே தயிர்? தயிர் ஒத்துக்கொள்ளும்போது பால் மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்? என் வாதம் சரியானது போலத் தோன்றுகிறதல்லவா? அது எங்கே தவறுகிறது என்று காண்போம்.

பிரிக்க வேண்டிய சர்க்கரை

பாலின் இனிப்புக்குக் காரணம் லாக்டோஸ் என்னும் சர்க்கரை. 250 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ் உண்டு. குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரு சிறு சர்க்கரைகள் இணைந்ததே லாக்டோஸ். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் பிணைத்து நெய்வது போல, இவையும் பிணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பை அறுத்தால்தான் சிறுகுடல் அவற்றை உறிஞ்ச முடியும். அறுக்கும் வேலையைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் உள்ள லாக்டேஸ் என்னும் நொதி.

தாய்ப்பாலில் லாக்டோஸ் அதிகம், 100 மி.லி.யில் சுமார் 7 கிராம். ஆகவே, குழந்தைகளின் குடலில் லாக்டேஸ் நிறைய இருக்கும். பால்குடி மறந்த பிறகு, ஏறக்குறைய எல்லாப் பாலூட்டிகளிலும் இந்த நொதி குறைந்துவிடுகிறது. மனிதரிலும் பெரும்பாலோருக்கு அப்படியே. எனவே, லாக்டேஸ் குறைவது நோயன்று. இயற்கையின் பழைய வழக்கம்.

குடலுக்குள் இயற்பியல்

அறுபடாத லாக்டோஸ் என்ன செய்யும்? மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் துண்டுகள் நீர் விடும். செறிவு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்வதே இதற்குக் காரணம். இதைச் சவ்வூடு பரவல் என்பர். குடலிலும் இதுவே நிகழ்கிறது. உறிஞ்சப்படாத சர்க்கரை நீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு நீர்? நீங்களே கணக்கிடலாம். லாக்டோஸின் மூலக்கூறு எடை 342. எனவே 12 கிராம் என்பது ஏறக்குறைய 0.035 மோல். நம் இரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் செறிவு லிட்டருக்குச் சுமார் 0.29 மோல். அதே செறிவுக்கு வர 0.035 மோல் சர்க்கரைக்கு வேண்டிய நீர், 0.035 ÷ 0.29 = 0.12 லிட்டர், அதாவது 120 மி.லி.! அந்த லாக்டோஸ் முழுவதும் செரிக்காமல் போனால், இவ்வளவு நீர் குடலிலேயே தங்கிவிடும். வயிறு இரைவதும் இளகிப் போவதும் இதனால்தான்.

அடுத்து, இந்தச் சர்க்கரை பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு இது விருந்து. அவை இதை நொதிக்கச் செய்து, அமிலங்களையும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்களையும் உண்டாக்குகின்றன. வயிறு உப்புகிறது.

இந்த ஹைட்ரஜனைக் கொண்டே மருத்துவர்கள் உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள். நம் உடலின் உயிரணுக்கள் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. குடல் பாக்டீரியா தயாரிப்பதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவரும். லாக்டோஸ் கரைசலைக் குடிக்கச் செய்து, அவ்வப்போது மூச்சைச் சோதிப்பார்கள். ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு உயர்ந்தால், லாக்டோஸ் செரிக்கவில்லை என்று கொள்வார்கள். வயிற்றில் நடப்பதை மூச்சு சொல்லிவிடுகிறது!

தயிரின் தந்திரம்

இப்போது என் வாதத்துக்கு வருவோம். பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள், லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. தயிரின் புளிப்பு அதுதான். மிச்சமுள்ள லாக்டோஸை அறுக்கவும் அவற்றின் நொதியே நம் குடலில் உதவுகிறது. 1984இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், லாக்டேஸ் குறைந்தவர்களுக்கு ஒருமுறை பாலையும் ஒருமுறை தயிர் வகையான யோகர்ட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். லாக்டோஸ் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், யோகர்ட் உண்டபோது மூச்சில் வந்த ஹைட்ரஜன் மூன்றில் ஒரு பங்குதான்.

நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. ஆனால், பாலைக் காய்ச்சுவதால் லாக்டோஸ் போய்விடாது. பாலைச் சுண்டக் காய்ச்சிய பால்கோவாவில் அது செறிந்தே இருக்கும்.

யாருக்கு, எவ்வளவு?

1981இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, புதுதில்லியில் சோதிக்கப்பட்டவர்களில் 27.4 சதவீதத்தினருக்கும், திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதிக்கப்பட்டவர்களில் 66.6 சதவீதத்தினருக்கும் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டது. தெற்கே ஏன் அதிகம்? 2012இல் வெளியான மரபணு ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. லாக்டேஸ் மரபணுவுக்கு 13,910 எழுத்துகள் முன்னால் உள்ள ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்கு, பெரியவர்களான பின்னும் லாக்டேஸ் நிற்கிறது. இந்தியாவின் வடமேற்கில் இம்மாற்றம் அதிகம்; தென்கிழக்கு நோக்கி வர வரக் குறைகிறது. ஆனால் நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்களிடம் மிக அதிகம்!

லாக்டேஸ் குறைந்தவர்கள் பாலையே தொடக்கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். காப்பியில் கலக்கும் பாலையும், உணவுடன் குடிக்கும் சிறு தம்ளர் பாலையும் பலர் தாங்குவர். அளவுதான் முக்கியம். பாலைக் குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்குத் தயிர், மோர், கேழ்வரகு, முருங்கைக்கீரை ஆகியவை உண்டு.

ஓர் எச்சரிக்கை. பாலின் புரதத்தால் வரும் ஒவ்வாமை வேறு. தோல் தடிப்பும் மூச்சுத் திணறலும் வரலாம், அது ஆபத்தானது. எடை குறைதல், காய்ச்சல், மலத்தில் இரத்தம், இரவில் எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் வேறு நோயாக இருக்கலாம். நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

என் தங்கை மகனுக்கு மருத்துவர் சொன்னது எளிமையானது: “இரண்டு வாரம் பாலை நிறுத்துங்கள். என்ன சாப்பிட்டான், வயிறு எப்படி இருந்தது என்று தினமும் எழுதி வையுங்கள். பிறகு மறுபடி பால் கொடுத்துப் பாருங்கள்.” பால் நின்ற நாட்களில் வயிறு அமைதி. மறுபடி பால் கொடுத்த அன்றே வலி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் தினமும் கற்பிக்கும் முறையல்லவா இது! ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே, விளைவைக் குறித்துக்கொள் என்று பிறர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் வீட்டில் அதைச் செய்யாமல் போனேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை மாமா, பால் கொடுக்காமல் இருந்தால் போதும்” என்றான். பொதுத் தேர்வில் கணிதத் தாளை முழுவதும் எழுதி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தான். அன்று காலை அவன் சாப்பிட்டது இட்லியும் ஒரு தம்ளர் மோரும்.

உங்கள் நண்பர் யாராவது, “எனக்கு இது ஒத்துக்கொள்ளாது” என்றால், சிரிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எப்போது, எவ்வளவு சாப்பிட்டால்?”