தனிமனிதப் பண்பும் சமூக நடத்தையும்

ஒரு நாட்டின் அரசியல் நாடாளுமன்றத்தில் மட்டும் நடப்பதில்லை. வாக்களிக்கச் செல்வதும் செல்லாமல் விடுவதும், அயலவருக்கு அநீதி நேரும்போது பேசுவதும் மௌனமாக இருப்பதும், கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியைப் பிறருக்கு அனுப்புவதும் அழித்துவிடுவதும் சமூக, அரசியல் நடத்தைகளே. இவற்றில் நமது குணங்களுக்கு என்ன பங்கு உண்டு?

உளவியலாளர்கள் இங்கு இரண்டு விடயங்களைப் பிரித்து நோக்குகின்றனர். ஒன்று ஆளுமைப் பண்பு, மற்றது மனப்பாங்கு. கூச்சம், கலகலப்பு, பொறுமை, ஒழுங்கில் விருப்பம் போன்றவை பண்புகள். இவற்றில் ஒரு பகுதி பிறப்போடு வருவது, எளிதில் மாறாது. மனப்பாங்கு என்பது ஒரு மனிதரையோ, குழுவையோ, கருத்தையோ விருப்புடன் அல்லது வெறுப்புடன் நோக்கும் விதம். அதை வீட்டிலும் பாடசாலையிலும் கற்றுக்கொள்கிறோம். கற்றதை மாற்றவும் முடியும்.

புதியனவற்றை ஆர்வத்துடன் ஏற்கும் பண்பு மிகுந்தோர் சமூக மாற்றத்தை வரவேற்பதையும், ஒழுங்கையும் கடமையையும் பெரிதாக மதிப்போர் மரபைப் பேணும் கொள்கைகளின் பக்கம் சாய்வதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இது ஒரு பொதுப் போக்கு மட்டுமே. ஒவ்வொருவருக்கும் அப்படியே பொருந்தாது. இவற்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்றும் இல்லை. சமூகத்துக்கு இரண்டும் தேவை.

எனினும் நம்மைச் சூழ்ந்திருப்போரும் நமது நடத்தையை வளைக்கின்றனர். அமெரிக்க உளவியலாளர் சொலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்று. ஒரு கோட்டின் நீளத்துக்குச் சமமான கோட்டை மூன்று கோடுகளிலிருந்து தெரிவு செய்யவேண்டும். சிறு பிள்ளைக்கும் விளங்கும் வேலை. ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர ஏனையோர், முன்கூட்டியே பேசிவைத்தபடி பிழையான விடையைக் கூறினர். அந்த ஒருவர் என்ன செய்வார்? நான்கில் மூன்று பங்கினர் ஒரு தடவையேனும் தம் கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் குழுவின் பிழையான விடையையே கூறினர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஒரு தடவையும் அசையவில்லை. மற்றுமொரு முடிவு இன்னும் முக்கியமானது. குழுவில் வேறு ஒருவர் சரியான விடையைக் கூறியபோது, அவ்வாறு இணங்கிப் போவது பெருமளவு குறைந்தது. ஒரேயொரு குரல் போதுமாக இருந்தது.

நமது நாட்டு அனுபவம் ஒன்றை இதனுடன் சேர்த்துப் பார்ப்போம். 2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுவதாக வதந்தி பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டியே என்பது பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. ஏற்கனவே வெறுப்பு ஊறிய மனங்கள் வதந்தியை உடனே நம்பும். சந்தேகம் கொண்டவர்களோ கூட்டத்துக்கு அஞ்சி வாய்திறக்க மாட்டார்கள். பொய் வளர்வதற்கு இவ்விரண்டும் போதும்.

அடுத்தவரின் குறையைச் சொல்வது இலகு. மற்றொரு சமூகத்தைப் பற்றி நமது வட்ஸ்அப் குழுக்களில் வரும் செய்திகளை நாம் விசாரித்துப் பார்க்கிறோமா? கிடைத்த செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளாமல், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட வேண்டாமென அல்குர்ஆன் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நமக்குப் பணிக்கிறது. அந்தக் கட்டளையில், செய்தி நமக்குச் சாதகமானது என்ற விதிவிலக்கு இல்லை.

பெற்றோரே, சாப்பாட்டு வேளையில் நீங்கள் பிற இனத்தவரைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு சொல்லும் பிள்ளையின் மனப்பாங்காக உருவெடுக்கிறது. மாணவிகளே, 18 வயதில் வாக்குரிமை கிடைக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தும் மனம் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவள் மேடையேறிப் பேச வேண்டியதில்லை. தோழியர் நடுவே, “இதற்கு ஆதாரம் என்ன?” என்று மெதுவாகக் கேட்டாலே போதும். தயங்கி நிற்கும் இன்னொருத்திக்கு அக்கேள்வி துணிவைத் தரும்.