உள்ளூர்க் கணினிக் கழகமும் நிரலாளரின் பங்கேற்பும்: ஹோம்பிரூ கணினிக் கழகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1975ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் தொடங்கப்பெற்ற ஹோம்பிரூ கணினிக் கழகம், ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த நிரலாளர்களும் மின்னணுவியல் ஆர்வலர்களும் நேரில் கூடிய அமைப்பாகும். அக்கழகத்தில் ஸ்டீவ் வோஸ்னியாக் கொண்டிருந்த பங்கேற்பை மையமாகக் கொண்டு, முடிவுறாத பணியைச் சக நிரலாளர் முன்வைக்கும் வழக்கம் நிரலின் உருவாக்கத்தை எவ்வாறு வழிநடத்தியது என்பதையும், அவ்வழக்கத்தின் ஊடாகவே நிரலின் உடைமை குறித்த பூசல் எவ்வாறு எழுந்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹோம்பிரூ கணினிக் கழகம், வோஸ்னியாக், பேசிக் மொழி, நிரலாளர் குழு, நிரல் உடைமை

முன்னுரை

மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிறுவனங்களிலிருந்து தொடங்குவர்; அன்றேல் மேதைகள் எனப் பெயர்பெற்ற தனிமனிதர்களிலிருந்து தொடங்குவர். அலுவல் முடிந்த மாலைப்பொழுதில் நிரலாளர்கள் கூடிப் பேசிய இடங்கள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. அத்தகைய கூட்டங்கள் பதிவேடுகளை விட்டுச்செல்வது அரிது என்பது இதற்கு ஒரு காரணம். ஹோம்பிரூ கணினிக் கழகம் இதற்கு விதிவிலக்காக அமைகிறது. அதன் செய்திமடல்கள் கிடைக்கின்றன; உறுப்பினர் பலர் தம் நினைவுகளைப் பதிவுசெய்துள்ளனர். ஸ்டீவன் லெவி 1984இல் வெளியிட்ட ‘ஹேக்கர்ஸ்’ என்னும் நூலும், வோஸ்னியாக் 2006இல் வெளியிட்ட ‘ஐவோஸ்’ என்னும் தன்வரலாறும் அக்கூட்டங்களின் நடைமுறையை விரிவாகக் காட்டுகின்றன. ஆதலின் உள்ளூர்க் குழு ஒன்றில் நிரலாளர் பங்கேற்பது என்பதன் பொருளை ஆராய்வதற்கு இக்கழகம் ஏற்ற களமாகிறது.

கழகத்தின் தோற்றம்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் இயங்கிய மிட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆல்டேர் 8800 என்னும் கணினி, ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1975 சனவரி இதழ் அட்டையில் இடம்பெற்றது. ஏறத்தாழ 400 டாலர் விலையில் உதிரிப்பாகங்களின் தொகுதியாக அது விற்கப்பட்டது. வாங்கியவரே பற்றவைத்து இணைத்துக்கொள்ள வேண்டும். இணைத்து முடித்த பின்னும் அதற்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முன்பலகையில் உள்ள நிலைமாற்றிகளை மேலும் கீழும் தட்டி ஒவ்வொரு கட்டளையாக உள்ளிட வேண்டும்; விடையைச் சிறு விளக்குகளின் ஒளிர்வைக் கொண்டு படித்தறிய வேண்டும். அடிப்படை வடிவத்தில் அதன் நினைவகம் 256 பைட்டுகள் மட்டுமே. மின்சாரம் நின்றால் உள்ளிட்டது அனைத்தும் அழிந்துபோகும்.

இத்தகைய பொறியைத் தனியொருவர் வாங்கி வைத்துக்கொண்டு செய்யத்தக்கது மிகச் சிறிது. ஒருவரிடம் நினைவகப் பலகை இருக்கும். மற்றொருவருக்கு அதனை இணைக்கும் முறை தெரிந்திருக்கும். வேறொருவர் அதில் இயங்கத்தக்க நிரலை எழுதியிருப்பார். கழகம் தோன்றியதற்கு ஆர்வத்தைக் காட்டிலும் இக்குறைபாடே வலிமையான காரணம் எனலாம்.

ஃபிரெட் மூர், கார்டன் ஃபிரெஞ்ச் ஆகிய இருவரின் அழைப்பின்பேரில் 1975 மார்ச்சு 5 அன்று மென்லோ பார்க் நகரில் ஃபிரெஞ்சின் வீட்டு மகிழுந்துக் கொட்டகையில் முதற்கூட்டம் நிகழ்ந்தது. வந்திருந்தோர் 32 பேர். மூர் போர் எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்ட அமைதிச் செயற்பாட்டாளர். நிரலாக்கத்தில் பெயர்பெற்றவர் அல்லர். யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன தேவைப்படுகிறது என்பதைக் குறித்துவைத்து ஒருவரை மற்றொருவரோடு இணைப்பதே அவருடைய பணியாக இருந்தது. நிரலாளர் குழுக்களைப் பற்றிய ஆய்வுகள் இத்தகையோரை எளிதில் மறந்துவிடுகின்றன.

கூட்டத்தின் அமைப்பு

வருவோர் தொகை பெருகவே, சில இடமாற்றங்களுக்குப் பின்னர் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையத்தின் அரங்கில் இரு வாரங்களுக்கு ஒருமுறை புதன்கிழமைகளில் கூட்டம் நடைபெறலாயிற்று. லீ ஃபெல்சன்ஸ்டீன் அதனை நெறிப்படுத்தினார். அவர் வகுத்த முறை இரு பகுதிகளைக் கொண்டது. முற்பகுதியில் உறுப்பினர்கள் அமர்ந்திருப்பர். கேட்பதற்கோ அறிவிப்பதற்கோ செய்தி உடையவர் கையுயர்த்தித் தம் பெயரையும் தேவையையும் சுருங்கக் கூறுவார். அதற்கு விடை தெரிந்தவர் யார் என்பதை அவையே அடையாளம் கண்டுகொள்ளும். இதற்கு ‘வரைபடமிடல்’ என்னும் பொருள்படப் பெயரிடப்பட்டது. பிற்பகுதியில் அனைவரும் எழுந்து, தாம் அடையாளம் கண்டவரைத் தேடிச் சென்று உரையாடுவர். நினைவகத்தின் எந்த இடத்தையும் வரிசை பாராமல் நேரடியாக அடைவதைக் குறிக்கும் ‘தற்போக்கு அணுகல்’ என்னும் கலைச்சொல்லே அப்பகுதிக்குப் பெயராயிற்று.

இவ்விரண்டாம் பகுதி முதன்மை வாய்ந்தது. சொற்பொழிவை மட்டும் கொண்ட கூட்டத்தில் பேச வல்லவரே பயன்பெறுவர். வோஸ்னியாக் அவ்வாறு பேச வல்லவராக இல்லை. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் கணிப்பான்களை வடிவமைத்துவந்த அவர், அவையில் கையுயர்த்திப் பேசுவதற்குக் கூசியவர் எனத் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். கூட்டத்தின் பிற்பகுதியில் தாம் செய்த பொறியை மேசைமீது வைத்து அமர்ந்திருப்பார், காண வந்தோர் வினவுவர், அவர் விளக்குவார். பேச்சுக்கு மாற்றாகப் பொறியே பேசியது.

முடிவுறாத பணியும் அவையும்

தமிழ் மரபில் நூல் அரங்கேறும் முறையை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் தெரிவிக்கிறது. அங்கு அவை ஏற்பது முற்றுப்பெற்ற நூலை. ஹோம்பிரூ அவையின் முன் வைக்கப்பட்டதோ முற்றுப்பெறாத பணி. இரண்டிலும் அவையின் ஒப்புதல் நாடப்படுகிறது. ஆயின் பின்னதில் அவை படைப்பின் உருவாக்கத்திற்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

முதற்கூட்டத்தில் வழங்கப்பட்ட நுண்செயலி ஒன்றின் விவரத்தாளை வோஸ்னியாக் வீட்டிற்கு எடுத்துச்சென்று படித்தார். தாம் சில ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த சிறு கணினியை ஒரே சில்லின் துணையுடன் இனிமேல் உருவாக்க இயலும் என்பது அப்போதுதான் அவருக்குப் புலனாயிற்று. விசைப்பலகையில் தட்டிய எழுத்து, தாம் அமைத்த கணினியின் வழியே திரையில் தோன்றிய நாளாக 1975 சூன் 29ஐ அவர் குறிப்பிடுகிறார். நான்கு திங்களுக்குள் நிகழ்ந்த இவ்வளர்ச்சியின் ஒவ்வொரு படிநிலையும் கழகத்தில் காட்டப்பட்டது. மின்சுற்று வரைபடத்தை நகலெடுத்து வேண்டியோர்க்கெல்லாம் இலவயமாக வழங்கினார். உறுப்பினர் சிலரின் இல்லங்களுக்கே சென்று பொறியமைக்கவும் உதவினார்.

நிரலாக்கத்தை நோக்க, இவ்வவையின் தாக்கம் இன்னும் தெளிவாகப் புலப்படும். ஆர்வலர்கள் விளையாட்டு நிரல்களைப் பேசிக் மொழியில் எழுதிவந்தமையால், அம்மொழி இயங்காத கணினிக்குக் கழகத்தில் மதிப்பிருக்காது என வோஸ்னியாக் உணர்ந்தார். அவர் தேர்ந்த 6502 நுண்செயலிக்குப் பேசிக் மொழிமாற்றி அப்போது இல்லை. குறியீட்டுக் கட்டளைகளைப் பொறி எண்களாக மாற்றித்தரும் கருவியை விலை கொடுத்துப் பயன்படுத்த அவருக்கு வசதியும் இல்லை. எனவே தாளின் ஒருபுறம் கட்டளைகளையும் மறுபுறம் அவற்றிற்கு நிகரான எண்களையும் கையாலேயே எழுதி மொழிமாற்றி முழுவதையும் உருவாக்கினார். தசம எண்களைக் கையாளும் பகுதியை விடுத்து முழு எண்களை மட்டும் கையாளுமாறு அதனை அமைத்தார். விரைவில் முடித்துக் காட்ட வேண்டும் என்னும் விருப்பமே அதற்குக் காரணம். பின்னாளில் ஆப்பிள் 2 கணினியில் வண்ணம், ஒலி, விளையாட்டுக் கைப்பிடி ஆகியவற்றுக்கான வசதிகளைச் சேர்த்ததும் ‘பிரேக்கவுட்’ விளையாட்டைப் பேசிக் மொழியிலேயே எழுதிக் கழகத்தாருக்குக் காட்டுவதற்காகவே என்று அவர் எழுதுகிறார். ஒரு வணிகக் கணினியின் கூறுகள் சந்தை ஆய்வினால் முடிவாகாமல், புதன்கிழமை அவையில் யார் வியப்பர் என்னும் எண்ணத்தால் முடிவாயின.

பகிர்வின் பொருளியல் அடித்தளம்

இப்பகிர்வை முழுமையான தன்னார்வமாக மட்டும் கருதுவதில் ஓர் இடர் உண்டு. உறுப்பினர்களில் மிகப் பலர் அவ்வட்டாரத்து மின்னணு நிறுவனங்களின் பணியாளர்கள். பொறியாளர் தம் சொந்த வடிவமைப்புக்கு அலுவலகச் சேமிப்பிலிருந்து உதிரிப்பாகங்களைப் பெற ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தில் இடமிருந்தது என வோஸ்னியாக் கூறுகிறார். மாலைநேரக் கழகத்தின் தாராளத்திற்குப் பகல்நேர நிறுவனங்கள் அறிந்தும் அறியாமலும் பொருளுதவி செய்தன. அத்தகைய பணிகளில் பெண்கள் அரிதாகவே இருந்தமையால் கழகத்திலும் அவர்கள் அரிதாகவே காணப்பட்டனர். எல்லோர்க்கும் திறந்திருந்த கதவு என்பது, அவ்வாயிலை வந்தடையும் வாய்ப்பு எல்லோர்க்கும் இருந்தது எனப் பொருள்படாது.

துளைத்தாள் நாடாவும் உடைமைப் பூசலும்

ஆல்டேர் கணினிக்கான பேசிக் மொழிமாற்றியைப் பில் கேட்ஸ், பால் ஆலன், மாண்டி டேவிடாஃப் ஆகிய மூவர் எழுதினர். மிட்ஸ் நிறுவனம் அதனை விற்றது. நினைவகப் பலகையுடன் சேர்த்து வாங்கினால் விலை குறைவு. தனியே வாங்கினால் கணினியின் விலைக்கே நிகராகிவிடும். ஆனால் அந்நிறுவனத்தின் நினைவகப் பலகைகள் சரிவர இயங்குவதில்லை என்பது ஆர்வலரிடையே பரவலாக அறியப்பட்ட செய்தி. 1975ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பாலோ ஆல்டோ நகரில் மிட்ஸ் நடத்திய காட்சி விளக்கத்தின்போது அந்நிரல் பொறிக்கப்பட்ட துளைத்தாள் நாடா ஒன்று காணாமற்போயிற்று. உறுப்பினர் ஒருவர் தம் பணியிடத்துப் பொறியில் அதனைப் பல படிகள் எடுத்துக் கழகத்தில் வழங்கினார். பெற்றுச்செல்வோர் அடுத்த முறை கூடுதல் படிகளோடு வர வேண்டும் என்பதே விதிக்கப்பட்ட நிபந்தனை.

1976 பிப்ரவரி 3 எனத் தேதியிட்டுக் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்போரில் பத்தில் ஒரு பங்கினர்கூடப் பேசிக் மொழிமாற்றியை வாங்கவில்லை என்றும், அதனை உருவாக்கப் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பு மட்டுமே 40,000 டாலருக்கு மேற்பட்டது என்றும், கிடைத்த உரிமத்தொகையைக் கணக்கிட்டால் தம் உழைப்பின் ஊதியம் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவு என்றும் அவர் வாதிட்டார். ஆர்வலர்கள் செய்வது களவு என்பதே மடலின் சாரம்.

இம்மடலை எள்ளி ஒதுக்குவது எளிது. பலர் அவ்வாறே செய்தனர். ஆயினும் அதில் நியாயமான வினா ஒன்று உள்ளது. வரைபடத்தை அதனை வரைந்தவரே வழங்கினார். நாடாவையோ பிறர் எடுத்து வழங்கினர். ஈவதும் எடுத்துக்கொள்வதும் ஒரே அரங்கில், ஒரே இயல்பான மகிழ்ச்சியோடு நிகழ்ந்தமையால் கழகத்தார் அவ்வேறுபாட்டை அக்காலத்தில் பெரிதாக எண்ணவில்லை.

மடலுக்கு வந்த மறுமொழிகளுள் சொல்லைவிட நிரலாக அமைந்தவையே ஆய்வுக்குரியன. ‘பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி’ என்னும் அமைப்பு 1975இலேயே டென்னிஸ் ஆலிசன் வகுத்த ‘டைனி பேசிக்’ என்னும் சிறு மொழியின் வரையறையை வெளியிட்டிருந்தது. அதனை அடியொற்றி உறுப்பினர் டாம் பிட்மன் 6800 நுண்செயலிக்கு ஒரு மொழிமாற்றி எழுதி 5 டாலருக்கு விற்றார். விலை நியாயமானதாயின் ஆர்வலர்கள் படியெடுக்காமல் வாங்குவர் என்பதே அவர் நிலைப்பாடு. லி-சென் வாங் 8080 நுண்செயலிக்கு எழுதிய ‘பாலோ ஆல்டோ டைனி பேசிக்’ 1976இல் வெளிவந்தது. உரிமை என்பதற்கும் வலப்பக்கம் என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் வழங்குவதால், பதிப்புரிமை அறிவிப்பை இடப்பக்கமாகத் திருப்பிப் பகடி செய்யும் தொடரொன்றை அவர் நிரலின் தலைப்பில் சேர்த்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கம் பின்னர் வேறொரு சட்டப்பொருளில் கையாண்ட சொல் அப்பகடியில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது.

கழகம் ஈன்ற வணிகம்

வரைபடங்களைப் பெற்றுச்சென்றோர் பலர்க்கு அவற்றைக் கொண்டு பொறியமைக்க நேரமோ திறனோ இல்லை என்பதைக் கூட்டங்களுக்கு வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கவனித்தார். அச்சிட்ட சுற்றுப்பலகையாக விற்கலாம் என்னும் அவரது கருத்திலிருந்து 1976 ஏப்ரல் 1 அன்று ஆப்பிள் நிறுவனம் தோன்றியது. அதற்கு முதற்பெருங்கொள்முதலாக 50 பலகைகளைக் கேட்ட கடைக்காரர் பால் டெரலும் கழகக் கூட்டங்களின் வழியே அறிமுகமானவர். தொடக்கத்தில் பேசிக் மொழிமாற்றியை இலவயமாக அல்லது மிகக் குறைந்த விலையில் தருவதே தம் கொள்கை என ஆப்பிள் விளம்பரம் செய்தது. ஆனால் வோஸ்னியாக்கின் மொழிமாற்றி தசம எண்களைக் கையாளாது. கையால் எழுதப்பட்டமையால் அதனை விரிவாக்குவதும் கடினம். 1977இல் ஆப்பிள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திடமிருந்தே பேசிக் மொழிமாற்றிக்கு உரிமம் பெற்றது. கழகத்தாரைக் கள்வர் என்று சுட்டிய மடலாசிரியரின் நிரல், கழகத்தில் பிறந்த கணினிக்குள் முறையான விலையோடு புகுந்தது.

உறுப்பினர் பலர் சிறு நிறுவனங்களைத் தொடங்கியதும் கூட்டத்தின் இயல்பு மாறியது. முன்பு தம் பணியின் நுட்பங்களை மறைவின்றி விளக்கியோர், அடுத்து வெளியிடவிருக்கும் பொருளைப் பற்றி வாய்திறக்கத் தயங்கினர். தற்போக்கு அணுகல் தொடர்ந்தது; அணுகப்பட்டோர் முன்போல் விடை சொல்லவில்லை. மூர் இம்மாற்றத்திற்கு முன்னரே விலகிவிட்டார். கழகத்தின் இறுதிக் கூட்டம் 1986 திசம்பரில் நடைபெற்றது.

வாங் எழுதிய நிரலின் போக்கு வேறுவிதமாக அமைந்தது. டேண்டி நிறுவனத்திற்காக டிஆர்எஸ்-80 கணினியை வடிவமைத்த ஸ்டீவ் லைனிங்கர், அதன் நிலைத்த நினைவகத்தில் பொதிக்க வேண்டிய முதல்நிலைப் பேசிக் மொழிமாற்றிக்கு வாங்கின் நிரலையே அடிப்படையாகக் கொண்டார். அக்கணினி 1977இல் அமெரிக்கா எங்குமுள்ள ரேடியோ ஷேக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.