மறைந்து நின்ற படை

சென்ற வருடம் என் உம்மம்மாவின் இடுப்பில் ரூபாய்க் குற்றியளவில் ஒரு படை தோன்றியது. பக்கத்து வீட்டார் கொடுத்த கிறீமைப் பூசிவிட்டு, "அரிப்பு அடங்கிட்டு மகள்" என்று மகிழ்ந்தார். மூன்று வாரங்களில் அது வயிறு வரை பரவிவிட்டது. பார்த்தால் படை போலவே இல்லை.

படை ஒரு பங்கசுத் தொற்று. வழமையாக வட்டமாக இருக்கும். ஓரம் சிவந்து, தடித்து, செதில் விடும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். பங்கசோடு உடல் போராடுவதால்தான் அந்தச் சிவந்த ஓரம் உண்டாகிறது. உம்மம்மாவுக்கு நீரிழிவு; மூட்டு வருத்தத்துக்குப் பிரெட்னிசலோன் குளிசையும் எடுக்கிறார். இரண்டும் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. பூசிய கிறீமிலும் ஸ்டீரொயிட் இருந்தது. உடலின் போராட்டம் அடங்கியதால் சிவப்பும் அரிப்பும் குறைந்தன. பங்கசோ தடையின்றி வளர்ந்தது. தோல் வைத்தியர் செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, நூல் போன்ற பங்கசு இழைகள் தெரிந்தன.

நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களோ, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களோ உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தால் அது சேற்றுப்புண். நாவுலயில் வயலில் இறங்குவோருக்கு இது சாதாரணம். ஆனால் நீரிழிவுள்ளவருக்கு அந்த வெடிப்பு வழியாகப் பற்றீரியா புகுந்து கால் முழுவதும் வீங்கலாம். அக்குள், மார்பின் கீழ் போன்ற மடிப்புகளில் கடுஞ்சிவப்பும், சுற்றிச் சிறு புள்ளிகளும் இருந்தால் அது கன்டிடா எனும் பங்கசாக இருக்கலாம்.

தோல் கறுத்தாலோ, வலியுள்ள புண் வேகமாகப் பரவினாலோ, காய்ச்சலும் சேர்ந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 2021இல் இந்தியாவில் கொரோனாவுக்குப் பின் 'கறுப்புப் பூஞ்சை' 40,000 பேருக்கு மேல் தாக்கியது. அவர்களில் பெரும்பாலானோர் நீரிழிவுள்ளவர்கள். ஸ்டீரொயிட் பெற்றவர்களும் ஏராளம். முகம் வீங்குவதும், மூக்கருகே கறுப்பதும் அதன் அடையாளங்கள்.

உம்மம்மாவுக்கு இப்போது சுகம். வுளூச் செய்தபின் அவரது விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவது என் வேலை. அப்போதே தோலையும் பார்த்துவிடுவேன். பெயர் தெரியாத கிறீம் எதுவும் எங்கள் வீட்டில் இப்போது இல்லை.