புள்ளியை நீக்கச் சொன்னேன், நீக்கிட்டது

இந்த வார எபிசோடில் ரெகெக்ஸ் பற்றிப் பேசும்போது, ஈஸ்ட் ஹாம் கதையை எழுத்தில் சொல்றேன்னு தப்பிச்சேன். இதோ. (பேர்களை மாத்தியிருக்கேன்.)

கிழக்கு லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. சான்றிதழுக்கான 86 பெயர்களைச் சுத்தம் செய்து தர்றேன்னு நானே கேட்டு வாங்கினேன். இனிஷியலுக்குப் பின் புள்ளி, நடுவில் கமா, அடைப்புக்குறிக்குள் வீட்டுப் பேர்னு பெற்றோர்கள் இஷ்டத்துக்கு நிரப்பியிருந்தாங்க. பைத்தானில் ஒரே வரி: எழுத்து, எண், இடைவெளி அல்லாத எல்லாத்தையும் நீக்கு. சதுர அடைப்புக்குள் கேரட், பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பேக்ஸ்லாஷ் எஸ். நீங்களும் எழுதியிருப்பீங்க. எரர் வரலை, அனுப்பிட்டேன்.

மறுநாள் ஆசிரியை போன் பண்ணினாங்க. "தம்பி, 'சலவ' எண்டு ஒரு பிள்ளையும் எங்களிட்ட இல்லையே?"

அது செல்வி. முருகன் 'மரகன' ஆகியிருந்தான். கமலா, கமலி அக்கா தங்கை, ஒரே இனிஷியல். ரெண்டு பேரும் 'கமல' ஆனதால், டூப்ளிகேட்டை நீக்கும் அடுத்த வரி தங்கச்சியைப் பட்டியலிலிருந்தே தூக்கிட்டது.

நமக்கு 'செ' ஒரே எழுத்து. யூனிகோடில் அது ரெண்டு: முதலில் ச, அப்புறம் கொம்பு. ச 'எழுத்து' வகை. கொம்பு, கால், புள்ளியெல்லாம் 'குறி' வகை. பைத்தானோடு வரும் 'ரீ' நூலகத்தில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்றால் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். 'மு.' என்பதன் புள்ளியும் 'ன்' மேல இருக்கிற புள்ளியும் அதுக்கு ஒண்ணுதான். ஜாவாஸ்கிரிப்டில் இதே வரி தமிழ் முழுவதையும் துடைச்சிடும், அதன் டபிள்யூவுக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். எனக்கு அதுவே மேல்னு தோணுது. காலிக் கட்டம் கண்ணில் படும். பாதி தின்ன தமிழ், தமிழ் தெரியாதவருக்குத் தமிழ் மாதிரியே இருக்கும்.

ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்காம எழுதினவங்க உண்டு, எழுத்தாணி ஓலையைக் கிழிச்சிடும்னு. ஆனா கொம்பையும் காலையும் அவங்க விடலை!

வைத்திருக்க வேண்டியவற்றில் 'குறி' வகையையும் சேர்த்தால் சரியாகும்: பேக்ஸ்லாஷ் சின்ன பி, நெளிவடைப்புக்குள் பெரிய எம். ஜாவாஸ்கிரிப்டில் 2018 பதிப்பிலிருந்து, யூ கொடியோடு வேலை செய்யும். பைத்தானின் 'ரீ'க்கு இது புரியாது; 'ரெகெக்ஸ்' என்ற தனி நூலகத்தை நிறுவணும்.

நான் ரெண்டையும் செய்யலை. நீக்க வேண்டிய நாலே குறிகளை மட்டும் எழுதினேன்: முற்றுப்புள்ளி, கமா, ரெண்டு அடைப்புக்குறி. முன்னும் பின்னும் எண்ணிக்கை பார்த்தேன், 86, 86. கமலி திரும்பி வந்துட்டா. ஆசிரியை மட்டும் எல்லாப் பேரையும் ஒருமுறை வாய்விட்டு வாசிச்சுப் பார்த்துத்தான் அச்சுக்கு விட்டாங்க.