வராதவர் கட்டும் பணம்

2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் மூவிபாஸ் நிறுவனம் ஒரு சலுகையை அறிவித்தது. மாதம் 9.95 டாலர் சந்தா கட்டினால் தினமும் ஒரு படம் தியேட்டரில் போய்ப் பார்க்கலாம். அங்கே பல ஊர்களில் ஒரு டிக்கெட்டின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். தியேட்டர்களுக்கோ மூவிபாஸ் பெரும்பாலும் முழு டிக்கெட் பணத்தையும் தன் கையிலிருந்து கொடுத்தது. ஒரு வருடத்துக்குள் 30 லட்சம் பேர் சேர்ந்தார்கள். ஆள் சேரச் சேர நஷ்டமும் ஏறியது. 2019 செப்டம்பரில் சேவையை மூடிவிட்டார்கள்.

கூட்டம் கூடக் கூட ஒரு கடை நொடித்துப்போகுமா? சந்தாத் தொழிலில் போகும். எல்லோரிடமும் ஒரே தொகையை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு அளவில் கொடுப்பதுதான் இந்தத் தொழில். குறைவாக எடுத்துக்கொள்பவர் விட்டுவைக்கும் மிச்சத்தில்தான் நிறைய எடுப்பவரின் செலவு ஈடாகிறது. மூவிபாஸில் மாதம் ஒரே ஒரு படம் பார்த்தவருக்கே சந்தாப் பணம் சரியாகப் போனது. இரண்டாவது படத்துக்கு அவர் கிளம்பினால் நிறுவனத்துக்குக் கைநஷ்டம். மிச்சம் வைக்க அங்கே போதிய ஆள் இல்லை.

ஜிம்களில் இருக்கிறார்கள். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் மூன்று ஜிம்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து, 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக நான்கு தடவை சொச்சம்தான் போயிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே ஜிம்மில் தடவைக்கு 10 டாலர் வீதம் பத்துத் தடவைக்கான சீட்டும் விற்றது! போவதை நிறுத்திய பிறகும் சந்தாவை நிறுத்த அவர்களுக்குச் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாளை முதல் தவறாமல் போவோம், வேண்டாமென்றால் உடனே நிறுத்திவிடுவோம் என்று மனிதர்கள் தங்களைப் பற்றியே கூடுதலாக நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். அந்த நம்பிக்கைக்குத்தான் மாதாமாதம் பணம் போகிறது.

நெட்ஃபிளிக்ஸ் இரண்டு பக்கத்தையும் பார்த்த நிறுவனம். 1999-இல் அது சந்தாவைத் தொடங்கியபோது படங்கள் டிவிடியாகத் தபாலில் போய்த் தபாலில் திரும்பின. வேகமாகப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவரால் தபால் செலவு ஏறும். அப்படிப்பட்டவர்களுக்கு வேண்டுமென்றே தாமதமாக அனுப்புகிறது என்று 2004-இல் அதன்மேல் வழக்குகூட வந்தது. 2007-இல் இணையம் வழியாகப் படம் காட்டத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. படத்தை எடுக்கத்தான் பெருஞ்செலவு. எடுத்த படத்தை இன்னொருவர் பார்ப்பதால் கூடும் செலவு மிகச் சொற்பம். இங்கே பார்க்காமல் கிடக்கும் சந்தாதாரர் இன்று லாபம் தந்தாலும், அடுத்த மாதம் விலகிப்போகக்கூடியவர். தொடரில் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குவது அவரைப் பிடித்துவைக்கத்தான்.

விலகுவோர் விகிதம் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. மாதச் சந்தா 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் நூற்றுக்கு 5 பேர் விலகினால், ஒருவர் சராசரியாக 20 மாதம் நீடிப்பார். அவரால் வரவு 4,000 ரூபாய். விலகுவோர் நூற்றுக்கு 2 பேராகக் குறைந்தால் அதே ஆள் 50 மாதம் இருப்பார்; வரவு 10,000. விலையில் ஒரு பைசா ஏறவில்லை, புதிதாக ஒருவரும் சேரவில்லை, வருமானம் மட்டும் இரண்டரை மடங்கு. முதல் மாதம் இலவசம் என்று அழைப்பதும், ஒருவரைச் சேர்க்க விளம்பரத்தில் எவ்வளவு கொட்டலாம் என்று தீர்மானிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

விலகலைக் குறைக்க நேர்வழி, தரமான சேவை. குறுக்குவழி, வெளியேறும் வாசலை ஒளித்துவைப்பது. அமேசான் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என அமெரிக்க வணிக ஆணையம் 2023-இல் தொடுத்த வழக்கில் கூறியது. இலியட், நீண்ட நெடும் போரைப் பாடும் கிரேக்கக் காவியம். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர அமேசான் சம்மதித்து வழக்கு முடிந்தது. ஒரே தட்டலில் சேர்த்துக்கொண்டவரை வெளியே விடப் பல பக்கங்கள் அலையவைப்பது வியாபாரத் திறமை ஆகாது, அது ஏய்ப்பு.

இந்தியாவில் இதற்கு ஓரளவு கடிவாளம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கார்டிலிருந்து சந்தாப் பணம் தானாகப் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். வேண்டாமென்றால் அந்தத் தவணையையோ மொத்த ஏற்பாட்டையோ நிறுத்த வழி தர வேண்டும். இப்படி விலக விடாமல் சிக்கவைக்கும் 'சந்தாப் பொறி'யை 2023 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் தடை செய்தன. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்தால், அதன் வழியாக யார் யாருக்குப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். மறந்தே போன பெயர் ஏதாவது அதில் இருந்தால் அங்கேயே ரத்து செய்துவிடலாம்.