காலிக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றா?

விழுப்புரம் மாவட்டத்தில் கெடார், நேமூர், மயிலம் முதலிய ஊர்களில் மழைமானிகள் உள்ளன. முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழை தினமும் காலை 8.30 மணிக்குக் கணக்கிடப்படுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது!

இவ்வாறு பல ஊர்களின், பல ஆண்டுகளின் அளவுகள் விரிதாள் கோப்புகளில் இருந்தால், ஒவ்வொன்றாகத் திறந்து கூட்ட நம்மால் ஆகுமா? அந்த வேலையைக் கணிப்பொறி நிரலிடம் ஒப்படைக்கலாம். எவ்வாறு என்று பார்ப்போம்.

கோப்பின் உள்ளே

‘எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்.’ கோப்பு என்பது பல சிறு கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு மூட்டையே ஆகும். அதன் நகல் ஒன்றை எடுத்து, பெயரின் இறுதியை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தாளும் தனி எழுத்துக் கோப்பாக இருக்கும். அதில் ‘பி3’ போன்ற கட்ட முகவரியும் அதற்குரிய மதிப்பும் காணப்படும். பைத்தான் மொழியின் ‘ஓபன்பைஎக்செல்’ தொகுப்பு இந்த மூட்டையை அவிழ்த்து, நாம் கேட்கும் கட்டத்தின் மதிப்பைத் தரும். புதிய மதிப்பை எழுதி மீண்டும் கட்டியும் வைக்கும்.

எங்கே தவறு நேரும்?

ஐந்து ஊர்களில் நான்கில் 40 செ.மீ. மழை, ஐந்தாம் ஊரின் மழைமானி பழுது என்று கொள்வோம். அக்கட்டம் காலி. நிரல் அதைப் பூஜ்யம் என எடுத்துக்கொண்டால் சராசரி 160-ஐ ஐந்தால் வகுத்து 32 என வரும். அளந்த நான்கு ஊர்களின் சராசரியோ 40! ‘மழை இல்லை’ என்பது வேறு, ‘அளக்கவில்லை’ என்பது வேறு அல்லவா?

இன்னொரு தவறு 2020-இல் இங்கிலாந்தில் நேர்ந்தது. பழைய ‘எக்ஸ்.எல்.எஸ்.’ தாளில் 65,536 வரிசைகளே அடங்கும். கொரோனா பரிசோதனை முடிவுகள் அதை மீறியபோது மிஞ்சியவை விடுபட்டன. 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. புதிய வகைத் தாளில் 10,48,576 வரிசைகள் அடங்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

ஆகவே, நீங்கள் நிரல் எழுதும்போது, படித்த வரிசைகளையும் எழுதிய வரிசைகளையும் எண்ணி ஒப்பிடுங்கள். காலிக் கட்டங்களைத் தனியே குறியுங்கள். விடையை வேறு பெயரில் சேமியுங்கள். அதே பெயரில் சேமித்தால் மூலக் கோப்பு கேளாமலே அழிந்துவிடும்!