விமானத்தின் அவசர வழியில் வாஷரைக் காணோம்!
40 விமானங்களில் அதிரடி சோதனை

உத்தனப்பள்ளியில் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு வாஷரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் சூப்பர்வைசர் விடமாட்டார். ஓசூர் பக்கம் பேளகொண்டப்பள்ளி ஓடுதளத்திலேயே விமானங்களைப் பிரித்து மாட்டும் பராமரிப்புக் கூடம் இருக்கிறது. ஆகவே இது இங்குள்ளவர்களுக்கு தூரத்து சமாசாரம் அல்ல.

2024 ஜனவரி 5-ந்தேதி அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்து அலாஸ்கா ஏர்லைன்சின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் புறப்பட்டது. உள்ளே 177 பேர். சுமார் 16 ஆயிரம் அடி உயரத்தில் "படார்" என்று சத்தம்! அவசர கதவு வைக்கும் இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஒரு சிறுவனின் சட்டையைக் காற்று உருவிக்கொண்டு போனது. ஓட்டையை ஒட்டிய ஜன்னல் சீட்டில் ஆள் இல்லை. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

விசாரணையில் திடுக்கிடும் தகவல் வெளியானது. தொழிற்சாலையில் ரிவிட் வேலைக்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். பிடித்து நிறுத்தும் 4 போல்ட்டுகளைத் திரும்ப மாட்டவே இல்லை! திறந்ததற்கு ஏட்டில் பதிவும் இல்லை. வேலையை விட இதுதான் பெரிய தப்பு. எழுதி வைத்திருந்தால் அடுத்த ஆளாவது பார்த்திருப்பார்.

மறுநாளே டெல்லியில் விமான போக்குவரத்து இயக்குனரகம் உஷாரானது. நம் நாட்டு கம்பெனிகளிடம் இருந்த மேக்ஸ் 8 ரகத்தில் அந்தப் பலகை கிடையாது. ஆனாலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட், ஆகாசா கம்பெனிகளின் விமானங்களில் அவசர வழிகளைச் சோதிக்க உத்தரவு பறந்தது. மொத்தம் 40 விமானங்கள்.

அவற்றில் ஒன்றில்தான் வாஷர் இல்லாதது தெரிந்தது. போயிங் சொன்ன முறைப்படி அது சரிசெய்யப்பட்டது.